பழைய மினி பைக்குக்கு மறுவாழ்வு

மினி பைக் என்பது வளைத்து வெல்டு வைத்த இரும்புக் குழாய்ச் சட்டம், இரண்டு குட்டிச் சக்கரங்கள், புல்வெட்டும் இயந்திரத்தில் இருப்பது போன்ற ஒற்றை சிலிண்டர் எஞ்சின், ஒரு செயின், ஒரு இருக்கை ஆகியவற்றால் ஆன எளிய வண்டி. சக்கரத்தின் உள்வட்டம் பெரும்பாலும் 4 முதல் 6 அங்குலம். எஞ்சின் 2 முதல் 5 குதிரைத்திறன். கியர் கிடையாது, மின்கலம் கிடையாது. கயிற்றை இழுத்தால் எஞ்சின் ஓடத் தொடங்கும், ஆக்சிலேட்டரைத் திருகினால் வண்டி நகரும். 1960களிலும் 70களின் முற்பாதியிலும் அமெரிக்கச் சிற்றூர்களிலும் புறநகர்களிலும் வளர்ந்த பல சிறுவர் சிறுமியர் முதன்முதலில் ஓட்டிய எஞ்சின் வண்டி இதுதான்.

அந்தப் பிள்ளைகள் இன்று அறுபதைக் கடந்தவர்கள். கொட்டகை மூலையில் துருப்பிடித்துக் கிடந்த வண்டியை வெளியே இழுத்து, பிரித்து, கழுவி, மீண்டும் ஓட வைக்கும் வேலையில் அவர்களில் பலர் இறங்கியிருக்கிறார்கள். இந்த வேலை சாத்தியமாவதற்கு ஒரு தெளிவான காரணம் உண்டு. பிள்ளைகளுக்கு மலிவாகக் கிடைக்க வேண்டும் என்பதற்காக எந்த எளிமையோடு மினி பைக் கட்டப்பட்டதோ, அதே எளிமைதான் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அதைச் சாதாரணக் கருவிகளால் மீட்க உதவுகிறது. கடினமான கேள்வி வேறிடத்தில் இருக்கிறது: வண்டியில் எதைப் புதிதாக்குவது, எதைத் தொடாமல் விடுவது?

போர்க்களம், வேட்டைக்காடு, பந்தயத் திடல்

மினி பைக்குக்கு முன்னோடிகள் பல. இரண்டாம் உலகப் போரின்போது, பாராசூட்டில் குதிக்கும் வீரர்களுக்காக இங்கிலாந்தில் வெல்பைக் என்ற மடக்கு வண்டி உருவானது. 98 சிசி வில்லியர்ஸ் எஞ்சின் பூட்டி, உருளை வடிவப் பெட்டிக்குள் மடக்கி, விமானத்திலிருந்து இறக்கும் வகையில் அது வடிவமைக்கப்பட்டது. போர் முடிந்ததும் அதே வடிவம் கோர்கி என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தது.

அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் வெப்ஸ்டர் சிட்டியில் இயங்கிய பீம் நிறுவனம் 1946 முதல் 1948 வரை டூடுல்பக் என்ற சிறிய ஸ்கூட்டரைத் தயாரித்தது. ஏறத்தாழ 40,000 வண்டிகள் வெளிவந்தன. பெரும்பாலானவற்றில் ஒன்றரைக் குதிரைத்திறன் கொண்ட பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எஞ்சின் இருந்தது. 1950களின் இறுதியில் யூட்டா மாநிலத்தின் புரோவோ நகரில், மலைக்காட்டில் மான் வேட்டைக்குச் செல்பவர்களுக்காக டோட் கோட் என்ற வண்டி பிறந்தது. வேகம் குறைவு என்றாலும் செங்குத்தான சரிவில் சுமையோடு ஏறும் வலு அதற்கு இருந்தது.

இதே காலத்தில் கார்ப் பந்தயத் திடல்களில் இன்னொரு வழக்கம் பரவியது. திடலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்வர, மெக்கானிக்குகள் மிச்சக் குழாய்களையும் புல்வெட்டும் இயந்திரத்தின் எஞ்சினையும் வைத்துத் தாங்களே குட்டி வண்டிகளைக் கட்டிக்கொண்டார்கள். அவற்றைப் பார்த்த பிள்ளைகள் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்றார்கள். பட்டறை வண்டி கடைச் சரக்காக மாறியது அப்படித்தான். 1960 வாக்கில் மிச்சிகன் மாநிலத்தில் லில் இந்தியன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த வண்டி, தொழில்முறையில் தயாரான முதல் மினி பைக்குகளுள் ஒன்று.

அடுத்த பத்தாண்டில் நாடு முழுவதும் தயாரிப்பாளர்கள் முளைத்தார்கள். ஓஹையோவின் மான்ஸ்ஃபீல்டில் ரப் நிறுவனம், கலிஃபோர்னியாவின் ஆல்ஹாம்ப்ராவில் டாகோ வண்டிகளைச் செய்த ஸ்டீன்ஸ், சான் ஹோசேயில் பொனான்சா ஆகியவை அவற்றுள் புகழ்பெற்றவை. ரப் நிறுவனத்தைத் தொடங்கிய மிக்கி ரப் ஒரு பந்தய வீரர். 1965இல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் ஆறாவதாக வந்தவர். அவர் நிறுவனத்தின் ரோட்ஸ்டர் வண்டியில் முகப்பு விளக்கும் முன்பின் அதிர்வு தாங்கிகளும் இருந்தன. முழு மோட்டார் சைக்கிளைச் சுருக்கியது போன்ற அதன் தோற்றத்தால், இன்றும் சேகரிப்பாளர்கள் அதைப் பெரிதும் விரும்புகிறார்கள்.

சியர்ஸ், மாண்ட்கோமரி வார்டு போன்ற பெரிய கடைகள் தபால் விற்பனைப் பட்டியல்களில் மினி பைக்கையும் சேர்த்துக்கொண்டன. வானொலிப் பெட்டிகளை உதிரிப் பாகங்களாக விற்று வாங்குபவரையே பூட்ட வைத்த ஹீத்கிட் நிறுவனம், அதே முறையில் பூனி பைக் என்ற மினி பைக்கையும் விற்றது. பெட்டியைப் பிரித்து, விளக்கப் புத்தகத்தைப் பார்த்து, தந்தையும் பிள்ளையும் சேர்ந்தே வண்டியைக் கட்ட முடிந்தது.

ஜப்பானிலிருந்து வந்த குட்டி வண்டி

இதற்கு இணையாக ஜப்பானில் வேறொரு மரபு வளர்ந்தது. டோக்கியோவுக்கு அருகே டாமா டெக் என்ற கேளிக்கைப் பூங்காவில், பிள்ளைகள் ஓட்டிப் பழகுவதற்காக 1961இல் ஹோண்டா நிறுவனம் 49 சிசி எஞ்சின் பூட்டிய இசட்100 என்ற குட்டி வண்டியை வைத்தது. சூப்பர் கப் வண்டியின் எஞ்சினை வைத்துக் கட்டிய அதுவே ஹோண்டாவின் மங்கி என்ற குட்டி வண்டி வரிசையின் தொடக்கம். 1967இல் வந்த இசட்50எம் வண்டியின் கைப்பிடியை மடக்கிக் காரின் பின்பெட்டியில் வைத்துவிடலாம். 8 அங்குலச் சக்கரமும் மூன்று கியரும் கொண்ட இசட்50ஏ, மினி ட்ரெயில் என்ற பெயரில் அமெரிக்காவுக்குச் சென்றது. 1969இல் 72 சிசி எஞ்சினும் 10 அங்குலச் சக்கரமும் கொண்ட சிடி70 வந்தது.

அமெரிக்க மினி பைக்குகள் பொதுப் பயன்பாட்டு எஞ்சினைச் சட்டத்தில் உட்கார வைத்தவை. ஹோண்டாவோ எஞ்சின் முதல் இருக்கை வரை ஒரே வண்டியாக எண்ணி வடிவமைக்கப்பட்டது. மீட்பு வேலையின் தன்மையை இந்த வேறுபாடு தீர்மானிக்கிறது. முன்னதற்குப் பொருத்தமான பாகம் பல இடங்களில் கிடைக்கும். பின்னதற்கு அந்தந்த மாதிரிக்குரிய பாகமே வேண்டும். ஆனால் ஹோண்டா வண்டிகளுக்குப் பாகப் பட்டியல்களும் பழுதுபார்ப்புக் கையேடுகளும் முறையாக இருப்பதால், தேடுபவருக்கு என்ன வேண்டும் என்பதில் குழப்பம் இராது.

இந்த வண்டிகளுக்குச் சமூகப் பயனும் இருந்தது. வழிதவறும் நிலையில் இருந்த சிறுவர்களை ஒழுங்கான பழக்கத்துக்குக் கொண்டுவர, ஒய்எம்சிஏ அமைப்பு மினி பைக் பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதற்காக அமெரிக்க ஹோண்டா நிறுவனம் 10,000 மினி பைக்குகளை நன்கொடையாக வழங்கியது.

அலை ஓய்ந்த காலம்

1970களின் நடுப்பகுதியில் அமெரிக்க மினி பைக் தொழில் சரிந்தது. முதல் காரணம் பாதுகாப்பு. போதிய விளக்கும் தகுந்த பிரேக்கும் இல்லாத வண்டிகள் பொதுச் சாலையில் ஓடத் தகுதியற்றவை. தாழ்வான வண்டியில் செல்லும் பிள்ளை கார் ஓட்டுநரின் கண்ணில் படாது. விபத்துகள் கவலையைக் கிளப்பின, கட்டுப்பாடுகள் இறுகின. இரண்டாவது காரணம் போட்டி. கியரும் நல்ல அதிர்வு தாங்கியும் கொண்ட ஜப்பானியச் சிறு மோட்டார் சைக்கிள்கள் வந்த பிறகு, கயிறு இழுத்து ஓட்டும் வண்டி பழையதாகத் தெரிந்தது. 1973க்குப் பின் வந்த பொருளாதார நெருக்கடியைச் சிறு நிறுவனங்கள் பலவற்றால் தாங்க முடியவில்லை. ரப் நிறுவனமும் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மறைந்தது.

பிள்ளைகளும் வளர்ந்தார்கள். சில வண்டிகள் விற்கப்பட்டன, சில பழைய இரும்புக்கடைக்குப் போயின, எஞ்சின் மட்டும் கழற்றப்பட்டு வேறு இயந்திரத்துக்கு மாறியவையும் உண்டு. எஞ்சியவை கொட்டகைகளிலும் பரண்களிலும் கிடந்தன.

தேடலும் அடையாளமும்

சிறுவயது வண்டியை மீண்டும் அடைவது இரண்டு வகைப்படும். ஒன்று, தான் ஓட்டிய அதே வண்டியைக் கண்டுபிடிப்பது. மற்றொன்று, அதே மாதிரியில் வேறொரு வண்டியை வாங்கி மீட்பது. முதல் வகை அரிது. வண்டி உறவினர் வீட்டிலோ பக்கத்துத் தெருவிலோ கைமாறாமல் இருந்தால்தான் பெரும்பாலும் அது கைகூடும். மினி பைக்குகளில் பெரும்பாலானவை சாலை வண்டிகளாகப் பதிவு செய்யப்படாதவை. அதனால் அரசு ஆவணத்தில் உரிமையாளர் பெயரைத் தேடும் வழி இல்லை. பழைய குடும்பப் புகைப்படம், வாங்கிய ரசீது, பிள்ளைப் பருவத்தில் உடைந்து வெல்டு வைத்த இடம், தந்தை தன் கையால் துளையிட்டுப் பூட்டிய போல்ட் போன்றவையே அடையாளம் சொல்லும்.

எஞ்சினின் மேல்மூடியில் குத்தப்பட்ட எண்கள் இந்தத் தேடலில் மிகவும் உதவும். பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எஞ்சினில் மாதிரி எண், வகை எண் ஆகியவற்றோடு ஒரு குறியீட்டு எண்ணும் இருக்கும். அதன் முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த இரண்டு மாதம், அடுத்த இரண்டு நாள். 690512 என்று தொடங்கினால் 1969 மே 12 அன்று தயாரானது என்று பொருள். டெகம்சே என்ற மற்றொரு நிறுவனத்தின் எஞ்சினில், வரிசை எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கத்தையும், அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் காட்டும். 1 என்று இருந்தால் அது 1961ஆகவும் இருக்கலாம், 1971ஆகவும் இருக்கலாம். சட்டத்தின் வடிவத்தையும் மற்றப் பாகங்களையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். எஞ்சினின் தேதி வண்டியின் தேதியோடு பொருந்துகிறதா என்று பார்த்தால், அது வண்டியோடு பிறந்ததா, பின்னால் மாற்றப்பட்டதா என்பதும் தெரியும்.

எவ்வளவு தூரம் புதுப்பிப்பது?

ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் எடுக்க வேண்டிய முடிவு இது. மூன்று வழிகள் உண்டு. ஓடும் நிலைக்குக் கொண்டுவந்து, பழைய பெயின்டையும் தழும்புகளையும் அப்படியே காப்பது முதல் வழி. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே ஒவ்வொரு போல்ட்டையும் மீட்பது இரண்டாவது. பழைய சட்டத்தில் புதிய எஞ்சினும் நல்ல பிரேக்கும் பூட்டி, தினமும் ஓட்டத் தகுந்ததாக்குவது மூன்றாவது.

வண்டியின் வரலாறு தெரியாதபோது இரண்டாவது வழி நியாயமானது. ஆனால் ஒருவர் தாம் ஓட்டிய அதே வண்டியைக் கண்டெடுத்திருந்தால், முதல் வழிக்கே முன்னுரிமை தர வேண்டும். கால் வைத்துத் தேய்ந்த இடம், கீழே விழுந்து நசுங்கிய டேங்க், பத்து வயதுக் கை ஒட்டிய ஸ்டிக்கர் ஆகியவை பெயின்ட் நீக்கும் மணல் வீச்சில் ஒருமுறை போனால் திரும்ப வாராதவை. புது பெயின்ட் எந்த நாளும் பூசலாம். பழைய பெயின்டைத் தொழிற்சாலை ஒருமுறைதான் பூசியது. தயங்கும் இடத்தில் குறைவாகச் செய்வதே நல்லது.

உயிர் சம்பந்தப்பட்ட பாகங்களுக்கு இந்த விதி பொருந்தாது. டயர், பிரேக், பெட்ரோல் குழாய், ஆக்சிலேட்டர் கம்பி, விரிசல் விட்ட வெல்டு ஆகியவற்றில் பழமையைப் போற்ற இடமில்லை. அவை புதிதாகவோ புதிதுக்கு நிகராகவோ இருந்தே ஆக வேண்டும்.

பிரிக்கும் முறை

நல்ல மீட்பு வேலை புகைப்படத்தில் தொடங்குகிறது. கம்பி எந்தப் பக்கமாகப் போகிறது, ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருக்கிறது, எந்த வாசர் உள்ளே, எது வெளியே என்பதையெல்லாம் பிரிக்கும்போதே படமெடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பகுதியின் நட்டு போல்ட்டையும் தனித்தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதி வைத்தால், சில மாதம் கழித்துப் பூட்டும்போது தடுமாற வேண்டியிராது. பழைய பாகம் உடைந்ததாக இருந்தாலும், மாற்றுப் பாகம் வந்து பொருந்தும் வரை எறியக் கூடாது. அளவெடுக்க அதுவே ஆதாரம்.

துருவால் இறுகிய போல்ட்டை வலுக்கட்டாயமாகத் திருகினால் தலை முறியும். துருவிளக்கும் எண்ணெயை விட்டு ஓரிரு நாள் ஊற வைத்து, தேவையானால் சுற்றியுள்ள இரும்பைச் சூடாக்கி, முன்னும் பின்னுமாக அசைத்துக் கழற்ற வேண்டும். டேங்கும் கார்புரேட்டரும் கழற்றி அகற்றப்பட்டு, பெட்ரோல் ஆவி முழுதும் அடங்கிய பின்பே நெருப்பு அருகே வரலாம்.

எஞ்சினுக்கு உயிரூட்டல்

நெடுநாள் கிடந்த எஞ்சினில் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப்போயிருக்கலாம். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே துருவிளக்கும் எண்ணெயை ஊற்றி, பல நாள் காத்திருப்பதே பாதுகாப்பான வழி. அதன்பின் பிளைவீலைக் கையால் மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். சுத்தியால் பிஸ்டனை அடித்தால் ரிங்கோடு பிஸ்டனும் போய்விடும்.

எஞ்சின் ஓட மூன்று தேவை: அழுத்தம், பொறி, எரிபொருள். இந்த வரிசையிலேயே சோதித்துச் சென்றால் குறை எங்கே என்பது தெரிந்துவிடும்.

அழுத்தம் குறைவாக இருந்தால் வால்வு சரியாக மூடவில்லை, அல்லது ரிங் தேய்ந்திருக்கிறது, அல்லது ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. அமெரிக்க மினி பைக்குகளின் பழைய எஞ்சின்களில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கவாட்டில் இருக்கும். ஹெட்டைக் கழற்றினால் இரண்டும் கண்ணுக்கு முன்னே தெரியும். வால்வின் விளிம்பில் அரைப்புப் பசையைத் தடவி, அது அமரும் இருக்கையோடு சேர்த்துத் தேய்த்தால் இரண்டும் இடைவெளியின்றிப் பொருந்தும். வேலை முடிந்ததும் பசையின் துகள் ஒன்றுகூட எஞ்சினுக்குள் தங்கக் கூடாது.

பொறி வராவிட்டால் பெரும்பாலும் குறை பிளைவீலுக்கு அடியில் இருக்கும் பாயின்ட்டில்தான். இரண்டு தொடுமுனைகள் விலகும் கணத்தில் காயிலில் உயர் மின்னழுத்தம் உண்டாகி, பிளக்கில் பொறி தெறிக்கிறது. ஆண்டுக்கணக்கில் ஓடாமல் கிடந்தால் முனைகளில் மெல்லிய படலம் படிந்து மின்சாரம் பாயாது. சுத்தம் செய்து, விலகும் இடைவெளியை 0.020 அங்குலத்துக்கு, அதாவது ஏறத்தாழ அரை மில்லிமீட்டருக்கு, வைத்தால் பொறி திரும்பிவிடும். பிளைவீலை இழுத்தெடுக்க அதற்குரிய புல்லரே வேண்டும், விளிம்பில் அடிக்கக் கூடாது. தண்டோடு அதைப் பொருத்தும் சிறிய சாவியில் லேசான வெட்டு விழுந்திருந்தாலும் பொறி விழும் நேரம் தவறும். சாவியை மாற்றிவிட வேண்டும்.

எரிபொருள் பக்கத்தில் பழைய பெட்ரோலே எதிரி. அது ஆவியாகி, பிசின் போன்ற படிவை விட்டு, கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்துவிடும். கார்புரேட்டரை முழுதும் பிரித்து, கரைப்பானில் ஊற வைத்து, காற்று ஊதி ஒவ்வொரு வழியும் திறந்திருப்பதை உறுதி செய்ய வேண்டும். டயாஃப்ரம், ஊசி, கேஸ்கெட் அனைத்தையும் மாற்றுவது நல்லது. இன்றைய பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனால் ஈரத்தை ஈர்க்கும், பழைய ரப்பரையும் கெடுக்கும். ஆகவே எத்தனாலைத் தாங்கும் குழாய்களைப் பூட்டுவதும், கிடைக்கும் இடத்தில் எத்தனால் கலவாத பெட்ரோலைப் பயன்படுத்துவதும் மீட்பாளர்களின் வழக்கம்.

டேங்கின் உட்புறத் துருவை வினிகர் போன்ற மென்மையான அமிலத்தால் நீக்கலாம். சிறு இரும்புப் பாகங்களுக்கு மின்பகுப்பு முறை உண்டு. சலவை சோடா கரைத்த நீரில் பாகத்தைத் தொங்கவிட்டு, மின்கலச் சார்ஜரின் எதிர்முனையை அதிலும், நேர்முனையை வேறொரு பழைய இரும்புத் தகட்டிலும் இணைத்தால் துரு உதிரும், நல்ல இரும்பு கரையாது. இதில் ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். தகட்டுக்கு எவர்சில்வரைப் பயன்படுத்தினால் நச்சுக் குரோமியம் நீரில் கலக்கும். அலுமினியப் பாகத்தை இந்த நீரில் இட்டால் அது அரிக்கப்படும்.

இந்த எஞ்சின்கள் பெரும்பாலானவற்றில் ஆயில் பம்பு கிடையாது. கனெக்டிங் ராடின் அடியில் உள்ள சிறு கரண்டி ஆயிலை வாரித் தெளிக்கும், அவ்வளவே. ஆயில் மட்டம் குறைந்தால் நிமிடங்களில் எஞ்சின் போய்விடும். வேகத்தை நிமிடத்துக்கு ஏறத்தாழ 3600 சுற்றுகளில் நிறுத்தும் கவர்னரும் உண்டு. கூடுதல் வேகத்துக்காக அதைக் கழற்றுவது பழைய பழக்கம், ஆனால் ஆபத்தானது. அளவுக்கு மீறிச் சுழன்றால் கனெக்டிங் ராடு முறியலாம், பிளைவீலே சிதறலாம். அரை நூற்றாண்டு பழைய உலோகத்தை அப்படிச் சோதிக்கக் கூடாது.

எஞ்சினிலிருந்து சக்கரத்துக்கு

மினி பைக்கில் கிளட்ச் பிடிக்கும் கைப்பிடி இல்லை. எஞ்சின் தண்டில் உள்ள மையவிலக்குக் கிளட்ச் தானே வேலை செய்யும். மெதுவாகச் சுற்றும்போது அதன் உட்புறக் கட்டைகள் ஸ்பிரிங்குகளால் உள்ளே இழுபட்டிருக்கும். வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2000 சுற்றைத் தொட்டதும் அவை வெளியே விரிந்து உருளையைப் பற்றும், செயின் ஓடும். வண்டியை நிறுத்திப் பிடித்துக்கொண்டே ஆக்சிலேட்டரைத் திருகினால் கட்டைகள் வழுக்கிச் சூடேறிக் கருகும். விலையுயர்ந்த மாதிரிகளில் இதற்குப் பதிலாக, வேகத்துக்கேற்பத் தன் விட்டத்தை மாற்றிக்கொள்ளும் இரட்டைப் புல்லிகளும் ஒரு பெல்ட்டும் இருந்தன. ஏற்றத்தில் வலுவும் சமதளத்தில் வேகமும் அதனால் கிடைத்தன.

வேகத்தைத் தீர்மானிப்பது பற்சக்கரங்களின் விகிதம். கிளட்சில் 10 பல்லும் பின்சக்கரத்தில் 60 பல்லும் இருந்தால், எஞ்சின் ஆறு சுற்றுச் சுற்றும்போது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். எஞ்சின் 3600 சுற்றில் ஓடும்போது சக்கரம் நிமிடத்துக்கு 600 சுற்று. டயரின் விட்டம் 33 செ.மீ. என்றால் வேகம் மணிக்கு ஏறத்தாழ 37 கி.மீ. தரைக்கு மிக அருகே அமர்ந்து செல்பவருக்கு இது பெரும் வேகமாகவே தோன்றும். செயின் இரண்டு பற்சக்கரங்களிலும் ஒரே நேர்க்கோட்டில் ஓட வேண்டும். சற்று விலகினாலும் பல் தேயும், ஓட்டத்தில் செயின் கழன்று சக்கரத்தைப் பூட்டிவிடும்.

பிரேக்கும் சக்கரமும்

ஆரம்பகால மினி பைக்குகள் பலவற்றில் பிரேக் என்பது டயரின் மேல் அழுந்தும் ஒரு தகடு மட்டுமே. டயர் நனைந்தால் அது பிடிக்காது. பின்னர் வந்த வண்டிகளில் டிரம் பிரேக்கும் பட்டைப் பிரேக்கும் இடம்பெற்றன. தகட்டுப் பிரேக் வண்டியை ஓட்ட நினைப்பவர் டிரம் உள்ள சக்கரத்துக்கு மாற்றிக்கொள்வது நல்லது. பழைய சக்கரத்தைத் தனியே பத்திரப்படுத்தலாம். பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் இருக்கக்கூடும். அதன் தூசியைக் காற்று ஊதி விரட்டாமல், ஈரத் துணியால் துடைத்து எடுக்க வேண்டும்.

மினி பைக் சக்கரங்கள் பல, இரண்டு பாதிகளைப் போல்ட் போட்டு இணைத்தவை. டயரில் காற்று இருக்கும்போதே அந்தப் போல்ட்டுகளைக் கழற்றினால் பாதிகள் வெடித்துப் பிரிந்து ஆளைக் காயப்படுத்தும். வால்வை எடுத்துக் காற்றை முழுதும் வெளியேற்றிய பின்பே ஸ்பேனர் வைக்க வேண்டும். வெடிப்பு விட்ட பழைய டயர் காட்சிக்கு அழகாக இருந்தாலும் ஓட்டத்துக்கு உதவாது.

சட்டமும் வண்ணமும்

சட்டத்தைப் பெயின்ட் நீக்கிப் பார்க்கும்போதுதான் உண்மை நிலை தெரியும். கைப்பிடித் தண்டு சேரும் கழுத்து, எஞ்சின் அமரும் தட்டு, பின்சக்கர அச்சு பொருந்தும் இடம் ஆகிய மூன்றிலும் விரிசல் வருவது வழக்கம். கழுத்து வெல்டு ஓட்டத்தில் விட்டுப்போனால் உயிருக்கே ஆபத்து என்பதால், அந்த வேலையைத் தேர்ந்த வெல்டரிடம் கொடுக்க வேண்டும்.

1978க்கு முன் அமெரிக்காவில் பூசப்பட்ட பெயின்டில் ஈயம் இருக்கலாம். அதை உலர்வாகத் தேய்த்தால் தூசி மூச்சோடு போகும். நீர் தொட்டுத் தேய்ப்பதும் முகக்கவசம் அணிவதும் அவசியம், பிள்ளைகளை அந்த இடத்துக்கு வரவிடவும் கூடாது.

அந்தக் காலத்து மினி பைக்குகளின் தனி அழகு அவற்றின் மிட்டாய் நிறங்கள். வெள்ளி அல்லது தங்க நிற உலோகப் பூச்சின் மேல், ஒளி ஊடுருவும் சிவப்பையோ நீலத்தையோ மெல்லிய படலங்களாகப் பூசி, கடைசியில் நிறமற்ற பளபளப்புப் பூச்சுக் கொடுப்பார்கள். ஒளி உள்ளே போய் உலோகப் பூச்சில் பட்டுத் திரும்புவதால் நிறம் ஆழத்திலிருந்து ஒளிரும். படலம் ஓரிடத்தில் தடித்தாலும் அங்கே நிறம் கருக்கும். வெயிலில் இந்த நிறம் எளிதில் வெளுக்கும். அதனால் பழைய நிறத்தை அறிய, இருக்கைக்கு அடியிலோ டேங்குக்குக் கீழோ வெயில் படாத இடத்தைப் பார்க்க வேண்டும். குரோமியம் பூசிய பாகங்களைக் கழுவி மெருகேற்றியே காப்பாற்ற முடிந்தால் அதுவே மேல். மறுபூச்சுக்கு முதலில் செம்பு, பிறகு நிக்கல், கடைசியில் குரோமியம் எனப் படிகள் பல, செலவும் அதிகம்.

எஞ்சின் மாற்றலாமா?

டெகம்சே நிறுவனம் 2008இல் எஞ்சின் தயாரிப்பை நிறுத்திவிட்டது. அதன் பழைய பாகங்கள் சேமித்து வைத்தவர்களிடமும் கழற்றிய எஞ்சின்களிலும்தான் கிடைக்கின்றன. ஆகவே பலர், ஹோண்டா ஜிஎக்ஸ்200 எஞ்சினைப் பின்பற்றிச் சீனாவில் தயாராகும் மலிவான எஞ்சின்களைப் பொருத்துகிறார்கள். 6.5 குதிரைத்திறன் வரை தரும் இவை எளிதில் ஓடத் தொடங்குகின்றன, பாகங்களும் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் 3 குதிரைத்திறனுக்காகக் கட்டிய சட்டமும் பிரேக்கும் இரட்டிப்பு வலுவைத் தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். சட்டத்தை வெட்டாமல், புதுத் துளை இடாமல் பொருத்துவது முக்கியம். பழைய எஞ்சினை ஆயிலிட்டுப் பாதுகாத்தால், என்றாவது அது தன் இடத்துக்குத் திரும்பலாம்.

மீண்டும் ஏறி அமர்தல்

மனிதர் தம் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கும்போது, ஏறத்தாழ பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட காலத்து நினைவுகள் மற்றக் காலத்தவற்றைவிட மிகுதியாக எழுகின்றன என்பது உளவியலாளர்கள் பலமுறை உறுதி செய்த உண்மை. முதல்முறையாகச் செய்த செயல்கள் அந்த வயதில் நிறைந்திருப்பது அதற்கு ஒரு விளக்கம். பெரியவர் துணையின்றி ஒரு எஞ்சினைத் தானே இயக்கி, வீட்டின் பார்வையைத் தாண்டிப் போன முதல் அனுபவத்தைப் பல பிள்ளைகளுக்குக் கொடுத்தது மினி பைக். செயின் கழன்றால் மாட்டுவதும், பிளக்கைக் கழற்றித் துடைப்பதும் அவர்கள் கற்ற முதல் மெக்கானிக் பாடம். வண்டியை மீட்கும்போது அந்தத் திறனையும் அவர்கள் திரும்பப் பெறுகிறார்கள்.

இந்த ஆர்வம் தனிமையில் வளர்வதில்லை. இண்டியானா மாநிலத்தின் போர்ட்லாந்தில் பழைய சிறு மோட்டார் வண்டி ஆர்வலர்கள் ஆண்டுதோறும் திரள்கிறார்கள். டூடுல்பக் வண்டிகள் தாம் பிறந்த வெப்ஸ்டர் சிட்டியிலேயே கூடுகின்றன. ஒருவருக்குத் தேவைப்படும் கிளட்ச் மூடி இன்னொருவரின் பெட்டியில் இருக்கும். அழிந்த ஸ்டிக்கரின் சரியான அளவு மூன்றாமவரின் வண்டியில் இருக்கும். தயாரிப்பாளர்கள் மறைந்த பின், அவர்களுடைய அறிவைக் காத்து வருபவர்கள் இந்தக் கூட்டத்தாரே.

மீட்ட வண்டியைப் பெரியவர் ஓட்டும்போது சில கட்டுப்பாடுகள் தேவை. ஒரு பிள்ளையின் எடைக்காகக் கட்டிய வண்டி அது. தலைக்கவசம், கையுறை, நீண்ட காலணி அணிந்து, சொந்த நிலத்திலோ அனுமதி பெற்ற திடலிலோ மட்டுமே ஓட்ட வேண்டும். கையை எடுத்ததும் ஆக்சிலேட்டர் தானாகத் திரும்புகிறதா, எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச் வேலை செய்கிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்த பிறகே கயிற்றை இழுக்க வேண்டும். அடுத்த தலைமுறைப் பிள்ளைக்குக் கொடுப்பதானால், பெரியவர் அருகில் இருப்பதும் இந்தப் பட்டியலில் சேரும்.

நெடுநாள் நிறுத்தி வைக்கும்போது டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிட்டு, பிளக் துளையில் சிறிது ஆயில் விட்டு, எஞ்சினைக் கையால் ஓரிரு சுற்றுச் சுற்றி வைக்க வேண்டும். பிரிக்கும்போது எடுத்த படங்கள், எஞ்சின் எண்கள், மாற்றிய பாகங்களின் பட்டியல், பழைய குடும்பப் புகைப்படத்தின் பிரதி ஆகியவற்றை ஒரு கோப்பில் சேர்த்து வண்டியோடு வைப்பதே மீட்பின் கடைசி வேலை. வண்டி யார் கைக்குப் போனாலும், அதில் எது தொழிற்சாலையிலிருந்து வந்தது, எது ஒரு பிள்ளை விட்ட தடம், எது பின்னால் பூட்டியது என்பது அவருக்குத் தெரியும்.